விருத்தத்துக்கு டிரம்ஸ் வாசிப்பது எப்படி? ஃபோக்-ராக் இசையின் கதை

கேட்கப்பட்ட கேள்வி இது: 1965இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழா மேடையில் பாடகர் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஏறினாரே, ஃபோக்-ராக் பிறந்தது அன்றுதானா? நாட்டார் பாட்டோடு எலெக்ட்ரிக் கிட்டாரையும் டிரம்ஸையும் சேர்த்துவிட்டால் அது ஃபோக்-ராக் ஆகிவிடுமா?

இரண்டுக்கும் என் பதில் இல்லை என்பதுதான். டிலன் மேடையேறியபோது பேர்ட்ஸ் குழுவின் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கே வந்து போயிருந்தது. 'ஃபோக்-ராக்' என்ற சொல்லும் அதற்கு முந்தைய மாதமே பில்போர்டு பத்திரிகையில் அச்சாகிவிட்டது. இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். பல வருடங்களாக இந்த இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. எல்லோரும் கிட்டாரில் பாய்ந்த மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். சிக்கல் இருந்ததோ டிரம்ஸில்.

நம் ஊரில் விருத்தம் பாடக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. பாடுகிறவர் ஒரு சொல்லில் நிற்க நினைத்தால் நிற்பார். அடுத்த வரியை மூச்சு விடாமல் ஓட்டுவார். பொருள்தான் காலத்தை அளக்கும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அப்பலாச்சிய மலைப்பகுதி ஆகிய இடங்களில் கிழவர்களும் கிழவிகளும் துணைக்கருவி இல்லாமல் பாடிய கதைப்பாடல்கள் பலவும் ஏறக்குறைய அப்படித்தான். ராக் இசையோ நேர் எதிர். அதில் காலப்பிரமாணம் அசையக் கூடாது; ஆடுகிறவர்களின் கால் அதை நம்பியிருக்கிறது. இவை இரண்டையும் ஒரே பாட்டில் உட்கார வைப்பது எப்படி? நல்ல ஃபோக்-ராக் பதிவு ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்கு ஒரு விடை.

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் பாட்டுச் சேகரிக்கப் போனவர்கள். 1903இல் சாமர்செட் மாவட்டத்தின் ஹாம்பிரிட்ஜ் கிராமத்தில் ஜான் இங்கிலாந்து என்ற தோட்டக்காரர் பாடியதைக் கேட்டுத்தான் செசில் ஷார்ப் பாட்டுச் சேகரிக்கத் தொடங்கினார். 1916 முதல் 1918 வரை, மாட் கார்ப்பிலஸ் துணையோடு அப்பலாச்சிய மலைகளுக்கும் போனார். கையால் ஸ்வரம் எழுதிக்கொள்வதுதான் அவர் முறை. பெர்சி கிரெய்ஞ்சர் வேறு மாதிரி. 1906இல் லிங்கன்ஷயருக்கு ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், எழுபது வயதைக் கடந்திருந்த ஜோசப் டெய்லரை மெழுகு உருளையில் பதிவுசெய்தார். அதை மெதுவாக ஓடவிட்டு எழுதியபோதுதான் தெரிந்தது: ஒரே பாட்டின் ஒவ்வொரு அடியிலும் எண்ணிக்கை மாறிக்கொண்டிருந்தது. கிரெய்ஞ்சர் அதைத் திருத்தவில்லை, கேட்டது கேட்டபடி எழுதினார். பாடகரின் பிழை என்று மற்றவர்கள் ஒதுக்கிய இடங்களில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது என்று அவர் நம்பினார். என் கருத்தும் அதுவே.

அமெரிக்காவில் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் 1933இல் லூசியானாவின் அங்கோலா சிறையில் லெட்பெல்லி என்ற பாடகரைக் கண்டுபிடித்துப் பதிவுசெய்தார்கள். 1950இல் அந்த லெட்பெல்லியின் 'குட்நைட் ஐரீன்' பாட்டைப் பாடி வீவர்ஸ் குழு முதலிடம் பிடித்தது. அடுத்து கம்யூனிச வேட்டை வந்தது, அவர்களுக்கு மேடைகள் மூடின. 1958இல் கிங்ஸ்டன் ட்ரியோ 'டாம் டூலி' பாடியபோது ஃபோக் மறுபடி பணம் கொழிக்கும் சங்கதியானது. இந்தக் காலகட்டத்தை நான் வேகமாகத் தாண்டுகிறேன். பாஞ்சோ, கிட்டார், கூட்டுக்குரல் என்று எல்லாம் சீராக்கப்பட்டிருக்கும். பழைய பாடகர்களின் நெளிவு அதில் இல்லை. பிரிட்டனில் லானி டோனகன் கிளப்பிய ஸ்கிஃபிள் மோகம் மட்டும் ஒரு பெரிய காரியம் செய்தது. மலிவான கிட்டார், துணி துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டியில் செய்த பேஸ் (கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம்) ஆகியவற்றோடு ஆயிரக்கணக்கான பையன்களை வாசிக்க வைத்தது. அறுபதுகளின் பிரிட்டிஷ் ராக் குழுக்களில் பாதிப்பேர் அந்தப் பையன்கள்தாம்.

இனி, விரிவாகப் பார்க்க வேண்டிய முதல் பாட்டு: 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்'. நியூ ஆர்லியன்ஸில் ஒரு வீடு, அதில் சீரழிந்த ஒரு வாழ்க்கை. இந்தப் பாட்டை யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கிளாரன்ஸ் ஆஷ்லி 1933இல் இசைத்தட்டில் பாடினார். 1937இல் கென்டக்கி மாநிலத்தின் மிடில்ஸ்பரோவில் ஆலன் லோமாக்ஸ் பதிவுசெய்தபோது அதைப் பாடியவள் ஜார்ஜியா டர்னர், பதினாறு வயதுப் பெண். நியூயார்க்கில் டேவ் வான் ராங்க் அதற்குப் புதிய கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) அமைத்துப் பாடிவந்தார். 1962இல் வெளியான தன் முதல் ஆல்பத்தில் டிலன் அந்த அமைப்பையே எடுத்துக்கொண்டார், முன்கூட்டி அனுமதி கேட்காமல். அதன் பிறகு அதைத் தான் பாடினால் டிலனிடமிருந்து எடுத்ததாக எல்லோரும் நினைத்தார்கள் என்றும், அதனால் பாடுவதையே நிறுத்திவிட்டதாகவும் வான் ராங்க் பின்னாளில் சொன்னார்.

1964 மே 18. நியூகாசில்காரர்களான அனிமல்ஸ் குழு, இசைச் சுற்றுப்பயணத்துக்கு நடுவே லண்டன் வந்து இந்தப் பாட்டை ஒரே டேக்கில் பதிவுசெய்தது. அவர்கள் செய்தது என்ன? பாட்டைத் திஸ்ர நடையில் நிறுத்தினார்கள். ஹில்டன் வேலன்டைன் ஒவ்வொரு கார்டையும் ஒரேயடியாக மீட்டாமல், ஆறு ஆறு தட்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு தந்தியாக ஏறி இறங்குகிறார். அந்த ஆறு தட்டு ஒரு ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் எரிக் பர்டன் தன் இஷ்டத்துக்குச் சொற்களை முன்னும் பின்னும் தள்ளுகிறார். தாளம் நின்ற இடத்தில் நிற்க, குரல் மட்டும் அலைகிறது. ஆலன் பிரைஸின் ஆர்கன் கடைசி அடிகளில் மேலேற மேலேற, நாலரை நிமிடத்தில் ஒரு முழு வாழ்க்கை முடிந்த உணர்வு வந்துவிடுகிறது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் அந்த ஆண்டே அது முதலிடம் பிடித்தது. 'ஃபோக்-ராக்' என்ற பெயர் இன்னும் வராத காலம் அது. முதல் ஃபோக்-ராக் பாட்டு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இசையமைப்பு என்று அந்தத் தட்டில் அச்சான ஒரே பெயர் ஆலன் பிரைஸ். அதனால் உரிமைத்தொகை அவருக்கே போனது. குழுவில் மற்றவர்களுக்கு அந்த ஆறாத மனக்குறை கடைசிவரை இருந்தது. ஊர்ப் பொதுச்சொத்தான பாட்டுக்குப் பட்டா போட முடியும் என்ற நிலை வந்ததும் இப்படிப்பட்ட தகராறு தொடர்ந்துகொண்டே இருந்தது. 'ஸ்கார்பரோ ஃபேர்' பாட்டை பால் சைமன் கற்றது லண்டனில் ஃபோக் பாடகர் மார்ட்டின் கார்த்தியிடம். சைமன்-கார்ஃபங்கல் ஜோடியின் தட்டில் கார்த்தியின் பெயர் இல்லை. சைமனும் கார்த்தியும் அதை ஒரே மேடையில் சேர்ந்து பாடியது 2000இல்தான்.

அடுத்தது பேர்ட்ஸ். லாஸ் ஏஞ்சலிஸில் ஜிம் மக்கின் (பின்னாளில் ரோஜர் என்று பெயர் மாற்றிக்கொண்டார்), ஜீன் கிளார்க், டேவிட் கிராஸ்பி, கிறிஸ் ஹில்மன், மைக்கேல் கிளார்க் என்று ஐவர். முதல் மூவரும் ஃபோக் மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர்கள். பீட்டில்ஸ் நடித்த படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்த பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிட்டாரைப் பார்த்து மக்கினும் ஒன்று வாங்கினார். டிரம்மர் மைக்கேல் கிளார்க்கிடம் ஆரம்பத்தில் டிரம்ஸே இல்லை. அட்டைப்பெட்டிகளைத் தட்டித்தான் ஒத்திகை பார்த்தார்.

டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டு வெளிவருவதற்கு முன்பே அதன் ஒத்திகைப் பதிவு அவர்கள் கைக்கு வந்தது. நான்கு சரணம், ஐந்து நிமிடத்துக்கு மேல், இரண்டு எண்ணிக்கையில் தத்தித் தத்திப் போகும் பாட்டு. கிராஸ்பிக்குப் பிடிக்கவில்லை. மக்கின் அதை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றினார், மூன்று சரணங்களை வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். 1965 ஜனவரி 20 அன்று ஹாலிவுட்டில் பதிவு. தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சருக்குப் பையன்களின் வாசிப்பில் நம்பிக்கை இல்லை. மக்கினைத் தவிர மற்ற கருவிகள் எல்லாவற்றையும் ஸ்டூடியோ கலைஞர்கள் வாசித்தார்கள். டிரம்ஸில் ஹால் பிளேன். பன்னிரண்டு தந்தி கிட்டாரின் ஒலி இயல்பில் சீக்கிரம் அவிந்துவிடும். பதிவுப் பொறியாளர் அதை, ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் கருவி வழியாகச் செலுத்தியதில் தந்திக்குக் கார்வை கிடைத்தது, மணி அடித்துக்கொண்டே இருப்பது போன்ற அந்தப் புகழ்பெற்ற ஒலி பிறந்தது. பேர்ட்ஸ் வாசித்துக் காட்டியதைக் கேட்ட டிலன், இதற்கு ஆடக்கூட முடியுமே என்று வியந்தாராம்.

அந்த வியப்பிலேயே லாபமும் நட்டமும் இரண்டும் தெரிகின்றன. ஆட முடிகிற பாட்டு கிடைத்தது. அதற்கு விலையாக முக்கால் பாட்டு போனது. அந்த இரண்டேகால் நிமிடம் எனக்கு உயிர். ஆனாலும் டிலனின் மூலத்தில் இருக்கும் நடந்து தேய்ந்த களைப்பு அதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நியூபோர்ட்டுக்கு வருவோம். 1965 ஜூலை 25, ஞாயிறு இரவு. டிலனுக்கு வாசிக்க வந்தவர்களில் பேஸ் ஜெரோம் ஆர்னால்டும் டிரம்ஸ் சாம் லேயும் பட்டர்ஃபீல்டு புளூஸ் குழுவிலிருந்து வந்தவர்கள். மைக் புளூம்ஃபீல்டு கிட்டார், ஆல் கூப்பர் ஆர்கன். முந்தின இரவு மட்டும்தான் ஒத்திகை. கூச்சல் எழுந்தது உண்மை. எதற்காக என்பதில் அன்று அங்கே இருந்தவர்களே இன்றுவரை ஒத்துப்போகவில்லை: சிலருக்கு எலெக்ட்ரிக் கிட்டாரே துரோகம், சிலருக்கு ஒலியமைப்பு மோசம், சிலருக்கு மூன்றே பாட்டில் முடித்துவிட்டாரே என்ற ஆத்திரம். அதே விழாவில் பட்டர்ஃபீல்டு குழு முழு மின்சாரத்தில் வாசித்தபோது கூட்டம் ரசித்தது என்பதை மறக்கக் கூடாது. மூத்த ஃபோக் பாடகர் பீட் சீகர் ஒலிக் கேபிளை வெட்டக் கோடரியைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்ற கதையும் மிகைதான். சொற்கள் கேட்காத அளவுக்கு ஒலி சிதைந்திருந்தது, கோடரி கையில் இருந்திருந்தால் கேபிளை வெட்டியிருப்பேன் என்று சொன்னேன் என்பது சீகரே பின்னாளில் தந்த விளக்கம். 'மேகிஸ் ஃபார்ம்' பாட்டில் தாளமே புரண்டுவிட்டது என்று கூப்பர் நினைவுகூர்ந்திருக்கிறார். சிகாகோ புளூஸில் ஊறிய தாளக்காரர்களும் வரிகளைத் தன் மூச்சுக்கு நீட்டுகிற பாடகரும் ஒரே இரவில் ஒத்துப்போய்விட முடியாது.

அந்த மேடையின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த இளைஞர் ஜோ பாய்டு. பெயரை நினைவில் வையுங்கள், அவர் மறுபடி வருவார்.

அதே கோடையில் நடந்த இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. சைமனும் கார்ஃபங்கலும் 1964இல் வெறும் கிட்டாரோடு பாடிய 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' விலைபோகவில்லை. இருவரும் பிரிந்தார்கள், சைமன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். தயாரிப்பாளர் டாம் வில்சன், டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பதிவு தொடங்கிய 1965 ஜூன் 15 அன்றே, அந்தப் பழைய நாடாவின் மேல் எலெக்ட்ரிக் கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் சேர்த்தார். பாடிய இருவருக்கும் தெரியாது. 1966 ஜனவரியில் பாட்டு முதலிடம் வந்தது.

இதை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். பாடியபோது டிரம்ஸ் கிடையாது, எனவே காலப்பிரமாணம் அங்கங்கே தளர்கிறது. பின்னால் வந்த டிரம்மர் பாபி கிரெக் அந்தத் தளர்ச்சியை மோப்பம் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. மூன்றாவது சரணத்தைத் தாண்டியதும் ஓரிடத்தில் மொத்தக் குழுவும் பாடகர்களுக்காகக் காலை இழுத்து நிறுத்துவது நன்றாகவே கேட்கும். தாளம் பாட்டை நடத்தவில்லை, பாட்டின் பின்னால் நடந்து போகிறது. அவசரத்தில் நேர்ந்த தடுமாற்றம்தான், ஆனால் அந்தப் பாட்டின் அழகே அங்கேதான் இருக்கிறது. டிலன், சைமன் இருவரின் அந்தப் பதிவுகளையும் தயாரித்த வில்சன் ஒரு கறுப்பினத்தவர். ஃபோக்-ராக் வரலாற்றில் அவர் பெயர் இன்னும் உரத்துச் சொல்லப்பட வேண்டும்.

1966 மே 17 அன்று மான்செஸ்டர் அரங்கில் ஒருவர் டிலனைப் பார்த்து "யூதாஸ்" என்று கத்தியது, அவருக்கு வாசித்த பின்னணிக் குழு 'தி பேண்ட்' ஆகி 1968இல் தன் முதல் ஆல்பத்தைத் தந்தது, பேர்ட்ஸ் கன்ட்ரி இசைப் பக்கம் சாய்ந்தது எல்லாம் பலரும் எழுதிய கதை. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அமெரிக்க ஃபோக்-ராக் பழைய பாட்டை மெல்லக் கைவிட்டு, சொந்தமாக எழுதிப் பாடுகிறவர்களின் இசையாக மாறிக்கொண்டிருந்தது. பழைய பாட்டையே எடுத்து அதோடு மல்லுக்கு நின்றவர்கள் ஆங்கிலேயர்கள்.

லண்டன் மஸ்வெல் ஹில்லில் சைமன் நிக்கோலின் வீட்டுப் பெயர் ஃபேர்போர்ட். அங்கே ஒத்திகை பார்த்த பையன்கள் 1967இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் பாடியதெல்லாம் அமெரிக்கச் சரக்கு. அவர்களைக் கண்டெடுத்துத் தயாரித்தவர் அதே ஜோ பாய்டு. 1968இல் சாண்டி டென்னி வந்தார். ஃபோக் கிளப்புகளில் பாடி வளர்ந்தவர், பழைய பாட்டுகள் நிறைய மனப்பாடம். அவற்றில் ஒன்று 'எ செய்லர்ஸ் லைஃப்': கடலுக்குப் போன காதலனைத் தேடிப் படகில் போகும் பெண், அவன் மூழ்கிப்போனான் என்று அறியும் கதை.

1969இல் அதைப் பதிவுசெய்தபோது டேவ் ஸ்வார்பிரிக் ஃபிடில் (வயலின்) வாசிக்க வந்தார். ஒரே டேக், பதினோரு நிமிடம். தொடக்கத்தில் டென்னி கிட்டத்தட்ட விருத்தம் போலவே பாடுகிறார். டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் எண்ணிக்கை எதையும் வைப்பதில்லை. சிம்பலைக் குச்சியால் வருடி, டிரம்மை உருட்டி, அலை வந்து போவது போல ஒரு முழக்கத்தை மட்டும் எழுப்புகிறார். அவள் காதலன் இறந்த செய்தி வந்த பிறகு, பாடி முடித்த பிறகுதான், அந்த முழக்கம் மெல்ல மெல்லத் தாளமாகக் கூடுகிறது. ரிச்சர்ட் தாம்சனின் கிட்டாரும் ஸ்வார்பிரிக்கின் ஃபிடிலும் அதன் மேல் ஏறி ஒன்றையொன்று துரத்துகின்றன. கதை இருக்கும்வரை தாளம் விலகி நிற்கிறது, கதை முடிந்தபின் துக்கத்தைத் தாளம் எடுத்துக்கொள்கிறது. விருத்தத்துக்கு டிரம்ஸ் வாசிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல விடையை நான் கேட்டதில்லை.

அந்தத் தட்டு வெளிவருவதை லாம்பிள் பார்க்கவில்லை. 1969 மே 12 விடியற்காலை, பர்மிங்காமில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது எம்-1 நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்தது. லாம்பிளுக்கு வயது 19. தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். மற்றவர்கள் உடலும் மனமும் உடைந்து கிடந்தார்கள்.

கலைந்துவிடுவதா தொடர்வதா என்று யோசித்தவர்கள், பழைய பாட்டுகளை மட்டும் முழுமூச்சாக எடுப்பது என்று முடிவுசெய்தார்கள். அந்தக் கோடையில் வின்செஸ்டர் அருகே ஃபார்லி சேம்பர்லேனில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். ஸ்வார்பிரிக் முழுநேர உறுப்பினரானார். பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் செசில் ஷார்ப் இல்லத்தின் நூலகத்துக்குப் போய்ப் பழைய பாட்டுகளைத் தோண்டி எடுத்துவந்தார். புதிய டிரம்மர் டேவ் மாட்டக்ஸ் நடனக்குழுக்களில் வாசித்தவர், ஃபோக் இசை அவருக்குப் புதிது. அதுவே நல்லதாகப் போயிற்று. பாடகி நிறுத்தும் இடத்தில் நின்று, அவர் கிளம்பும்போது கிளம்பும் பொறுமை அவர் கைக்கு இருந்தது. அந்த டிசம்பரில் வந்த 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தில் 'மேட்டி குரோவ்ஸ்' கேளுங்கள். பிரபுவின் மனைவியோடு படுத்தவன் வெட்டுப்படும் கதை. பத்தொன்பது சரணத்தையும் வெட்டாமல், சலிக்காமல் சொல்கிறார்கள். பேர்ட்ஸ் சரணங்களை வெட்டினார்கள். இவர்கள் கதைக்கு இடம் விட்டுத் தாளத்தை அடக்கினார்கள். அட்லாண்டிக்கின் இரு கரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆல்பம் வெளிவருவதற்குள் டென்னியும் ஹட்சிங்ஸும் விலகிவிட்டார்கள். ஹட்சிங்ஸ் தொடங்கிய ஸ்டீல்ஐ ஸ்பேன் குழு எடுத்த முடிவு இன்னும் துணிச்சலானது: 1971இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் டிரம்ஸே கிடையாது. அதுவரை மரக் கிட்டாரோடே இருந்த மார்ட்டின் கார்த்தி எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்து முழு ஒலியில் மீட்ட, நடுவில் மேடி பிரையரின் குரல் கத்தி மாதிரி நிற்கிறது. மின்சாரம் வேண்டும், டிரம்ஸ் வேண்டாம். பின்னாளில் டிரம்மர் வந்தார், வெற்றியும் வந்தது, 1975இல் 'ஆல் அரவுண்ட் மை ஹேட்' பிரிட்டனில் ஐந்தாம் இடம் வரை போனது. எனக்கு அந்த டிரம்ஸ் இல்லாத ஸ்டீல்ஐதான் பிடித்தம்.

அயர்லாந்தில் ஹார்ஸ்லிப்ஸ், பிரான்ஸில் பிரெட்டன் மொழியில் பாடிய அலன் ஸ்டிவெல், எண்பதுகளில் லண்டன் ஐரிஷ்காரர்களின் போக்ஸ் குழு என்று இது பரவியது. துருக்கியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேற்கத்தியக் கருவிகளில் துருக்கிப் பாட்டு என்று 1965இல் ஹுர்ரியத் நாளிதழ் 'தங்க மைக்ரோஃபோன்' போட்டி நடத்தத் தொடங்கியது. அதையொட்டி எழுந்த அலையில்தான் ஜெம் கராஜா, மொகொல்லர், பாரிஷ் மான்ச்சோ, செல்டா பாஜான் போன்றவர்கள் வந்தார்கள். அனடோலிய நாட்டார் இசையில் தாளமில்லாத நீண்ட பாட்டுக்கு 'உசுன் ஹவா' என்று தனிப்பெயரே உண்டு. தாளமுள்ளது 'கிரிக் ஹவா'. தாளமுள்ளதும் ஏழு, ஒன்பது என்று நொண்டி நடையில் போகும். இரண்டையும் தங்கள் இசையிலேயே பிரித்தறிந்து வளர்ந்தவர்களாக இருந்ததால், டிரம்ஸை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர்கள் யாரிடமும் கற்க வேண்டியிருக்கவில்லை. மின்சாரமேற்றிய சாஸ் என்ற தந்தி வாத்தியம் அந்த இசையின் முகமானது. 1980 ராணுவப் புரட்சிக்குப் பின் இவர்களில் பலர் அதற்கு விலை கொடுத்தார்கள். வெளிநாட்டில் இருந்த கராஜாவின் குடியுரிமையே பறிக்கப்பட்டது, 1987இல்தான் ஊர் திரும்ப முடிந்தது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றால், ஒரே இரவில் நான்கைக் கேளுங்கள். முதலில் கிரெய்ஞ்சர் பதிவுசெய்த ஜோசப் டெய்லர். கீறலுக்கு நடுவே அந்தக் கிழவரின் குரல் எங்கெங்கே நிற்கிறது என்று காலால் தட்டிப் பார்க்க முயலுங்கள், முடியாது. அடுத்து அனிமல்ஸ். அப்புறம் பேர்ட்ஸ். கடைசியாக 'எ செய்லர்ஸ் லைஃப்', விளக்கை அணைத்துவிட்டு. லாம்பிளின் முழக்கம் எந்த இடத்தில் தாளமாகிறது என்று காது கொடுத்துப் பாருங்கள். எத்தனை முறை கேட்டும் அந்த இடத்தை என்னால் விரல் வைத்துக் காட்ட முடிந்ததில்லை.